உடலுக்கும் ஒரு களம்

காரைக்குடி 2024ஆம் ஆண்டில் மாநகராட்சியாக உயர்ந்தது. நகரின் வளர்ச்சிக்குச் சான்றாக அடுக்குமாடிகளைக் காட்டுவோர் உளர். உணவகங்களைக் காட்டுவோரும் உளர். நாம் சாலையோரங்களில் தோன்றிவரும் உடற்பயிற்சிக் கூடங்களைக் காட்டுவோம். மக்கள் வழக்கில் அவற்றுக்கு ‘ஜிம்’ என்பதே பெயர். புடைத்த தோள்களோடு நிற்கும் ஓர் இளைஞனின் படம். அதன்கீழ் மாதக் கட்டணம். ஆண்டுக் கட்டணமாகச் செலுத்தினால் தள்ளுபடி. இழந்த உடற்கட்டை மீட்டுத் தருவோம் என்பதே அவை அனைத்தும் வெவ்வேறு சொற்களில் தரும் உறுதிமொழி. சனவரி மாதத்தில் உள்ளே நிற்க இடமிராது. பங்குனி வெயில் தொடங்கும்போது பொறிகள் ஓய்ந்து கிடக்கும். ஆண்டுக் கட்டணம் செலுத்தியவர் மூன்றாம் மாதம் வராமற்போவதில்தான் இத்தொழிலின் இலாபம் ஒளிந்திருக்கிறது என்றால் அது மிகையன்று.

இதனை நாம் எள்ளி நகையாடுவதற்காகக் கூறவில்லை. நாற்பது வயதைக் கடந்த ஓர் ஆசிரியரோ வணிகரோ நாணத்தை ஒருபுறம் ஒதுக்கிவைத்து, தம் மகன் வயதையொத்த பயிற்றுநரின்முன் தண்டால் எடுக்க முற்படுவது பாராட்டத்தக்க செயலே. நாம் எழுப்ப விரும்பும் வினா வேறு. உடலை மீட்டுக்கொள்ளும் இவ்வாய்ப்பு யாருக்குக் கிட்டுகிறது? யாருக்குக் கிட்டவில்லை? கிட்டாதோர்க்கு அதனை வழங்கும் ஆற்றல் கல்லூரிகளாகிய நம் கையில் இருந்தும் நாம் ஏன் வாளாவிருக்கிறோம்?

உடலோம்பல் மேலைநாட்டிலிருந்து வந்திறங்கிய புதுமை என்று கருதுவோர் உளர். தமிழ் பயின்றோர்க்கு இஃது உடன்பாடாகாது. புறநானூற்றில் 80 முதல் 85 வரையுள்ள பாடல்கள் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளியைப் பற்றியவை. அவன் ஆமூர் மல்லனோடு பொருது வென்ற காட்சியைச் சாத்தந்தையார் பாடினார். அவன்மேல் காதல் கொண்ட நக்கண்ணையார் தம் நெஞ்சின் தவிப்பைப் பாடினார். அரச குடியிற் பிறந்தவன் ஒருவன் களத்தில் இறங்கி மல்லனோடு கட்டிப் புரண்டதை இழிவென எண்ணாத சமுதாயம் அது. உடம்பை இழுக்கென்று எண்ணியிருந்த தாம் பின்னர் அதனைப் பேணத் தொடங்கியதைத் திருமூலர் தாமே உரைத்துள்ளார். வள்ளுவரோ ‘மருந்து’ என ஓர் அதிகாரம் வகுத்து, அதில் ஒரு மூலிகையையும் பெயர் சுட்டாமல், முன்பு உண்டது செரித்ததை அறிந்து அளவோடு உண்பதையே திரும்பத் திரும்ப வற்புறுத்தினார். செட்டிநாட்டுத் திருமணப் பந்தியில் கவுனி அரிசியையும் கந்தரப்பத்தையும் ஒருகை பார்த்து எழுந்தவர்க்கு அவ்வதிகாரத்தின் அருமை நன்கு விளங்கும்.

இஸ்லாமிய மரபும் இதற்கு மாறுபட்டதன்று. வலிமை குன்றிய நம்பிக்கையாளரினும் வலிமையுடைய நம்பிக்கையாளர் மேலானவர் என்னும் கருத்துடைய நபிமொழி ஸஹீஹ் முஸ்லிம் தொகுப்பில் உள்ளது. மனிதன்மேல் அவனுடைய உடலுக்கும் உரிமை உண்டென்பது புகாரி தொகுப்பிற் காணும் கருத்து. ஆயினும் நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு மிக நெருக்கமானது அபூதாவூத் தொகுப்பில் உள்ள ஒரு செய்தி. பயணம் ஒன்றில் பெருமானார் (ஸல்) அவர்களும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களும் ஓட்டப்பந்தயம் வைத்துக்கொண்டனர், அன்னையார் வென்றார். பின்னாளில், அன்னையாரின் உடல் சதைபிடித்திருந்த காலத்தில், மீண்டும் ஓடினர். இம்முறை பெருமானார் முந்தினார். முந்தைய பந்தயத்துக்கு இஃது ஈடு என்றும் கூறினார். இதனை அறிவித்தவர் அன்னையாரே. தம் உடல் பருத்திருந்ததை அவர் மறைக்கவில்லை. பருத்துவிட்டோமே என்று ஓடாமலும் இருந்துவிடவில்லை. இச்செய்தியை மேடைகளில் இல்லற இனிமைக்கு மேற்கோளாகக் காட்டுவோர் பலர். பெண்ணுக்கும் ஓடுவதற்கு ஒரு வெளி வேண்டும் என்பதற்கு இதனைக் காட்டுவோர் அரியர். (நோன்புக் காலத்தில் இளைக்க வேண்டிய உடம்பு, கஞ்சியோடு சேர்ந்துவரும் வடைக்கும் சமோசாவுக்கும் ஆட்பட்டு, பெருநாளன்று புதுச்சட்டையின் பொத்தானோடு போராடுவதைப் பற்றி இங்கு விரிவாகப் பேச வேண்டியதில்லை.)

பெண்ணும் உடல்வலியும் என்று வரும்போது இம்மாவட்டத்தாராகிய நாம் தொலைவில் சான்று தேட வேண்டிய தேவையில்லை. சிவகங்கைச் சீமையின் அரசி வேலு நாச்சியார் சிலம்பமும் வில்வித்தையும் குதிரையேற்றமும் கற்றவர். 1772இல் காளையார்கோவிலில் கணவரை இழந்தபின், ஐதர் அலியின் ஆதரவோடு விருப்பாட்சியில் தங்கிப் படைதிரட்டி, 1780இல் சீமையை மீட்டார். அவர் சிலைக்கு மாலை அணிவிக்கும் மாவட்டத்தில், அவர் பெயரைத் தம் பெண்மக்களுக்கு இடும் மாவட்டத்தில், ஒரு பெண் அச்சமின்றிக் கைவீசி ஓடுவதற்குரிய இடங்களை எண்ணிப் பாருங்கள். எத்தனை விரல்கள் மடங்கும்?

காரைக்குடி மனத்துக்கு மன்றங்கள் கண்ட ஊர். 1939இல் சா.கணேசன் தொடங்கிய கம்பன் கழகம் இங்கே உண்டு. தமிழ்த்தாய்க்கு எழுப்பிய கோயில் உண்டு. 1919ஆம் ஆண்டு நவம்பரில் பாரதியார் இவ்வூருக்கு வந்து இந்து மதாபிமான சங்கத்தில் உரையாற்றினார். புதிய ஆத்திசூடியில் உடலுறுதியைக் கட்டளையாக விதித்தவரும், குழந்தைக்கு வகுத்த அன்றாட ஒழுங்கில் மாலைப்பொழுது முழுவதையும் விளையாட்டுக்கு ஒதுக்கியவரும் அவரே. 1947இல் கல்லூரி கண்ட வள்ளல் அழகப்பரின் பெயர் தாங்கிய நிறுவனங்களுள் உடற்கல்விக்கென்றே ஒரு கல்லூரியும் அமைந்தது. 1920இல் ஹாரி குரோ பக் என்பார் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியின் வழியில், உடற்பயிற்சி ஆசிரியரைப் பயிற்றுவித்தல் ஒரு கல்விப் பணியே என்று தமிழகம் ஏற்றுக்கொண்டதன் விளைவு இது. ஆக, பயிற்றுவிக்கும் ஆள் நம் ஊரிலேயே உருவாகிறார். பயிற்சி பெறும் வாய்ப்புத்தான் பள்ளி கல்லூரி மாணவரோடு நின்றுவிடுகிறது.

முன்னாளில் இந்நிலை இல்லை. 1905இல் ஐரோப்பிய வலியரான யூஜின் சாண்டோ இந்தியா வந்து தம் ஆற்றலைக் காட்டிச் சென்றபின், அவருடைய பெயரே உடல்வலிக்கு ஒரு பட்டமாயிற்று. கோவையில் தேகப்பயிற்சியால் உடலை வளர்த்துப் பின்னர்த் திரைப்படத் துறையிற் புகழ்பெற்ற எம்.எம்.ஏ.சின்னப்பா தேவர் (1915-1978) அப்பட்டத்தைத் தம் பெயரின் முன்னே இறுதிவரை தாங்கினார். அக்காலத்துத் தேகப்பயிற்சி சாலை என்பது ஓலைக்கூரை, மணல் பரப்பிய தரை, சில கர்லாக்கட்டைகள், கல்லாலான எடைகள், அவ்வளவே. ஆசானுக்கோ உஸ்தாதுக்கோ வெற்றிலை பாக்கோடு இயன்றதை வைத்தால் போதும். பொங்கலன்று இளவட்டக்கல், சிராவயலில் மஞ்சுவிரட்டு, கோடையில் சடுகுடு என ஊர்தோறும் பொதுக்களம் இருந்தது. அக்களங்கள் அனைவரையும் ஒப்ப நோக்கின என்று நாம் கூறமாட்டோம். சாதியும் தெருவும் அங்கும் கோடு கிழித்தன. பெண்கள் பெரும்பாலும் வேடிக்கை பார்ப்போர் வரிசையிலேயே நின்றனர். ஆயினும் கட்டணம் செலுத்த இயலாமை ஒரு தடையாக இருந்ததில்லை. இன்று அவ்விடத்தைக் குளிரூட்டிய அறை எடுத்துக்கொண்டது.

‘எங்கள் பாட்டிமார் எந்த ஜிம்முக்குப் போனார்கள்? அம்மியும் ஆட்டுக்கல்லும் உலக்கையுமே அவர்களுக்கு மருந்து’ என்று முழங்குவோர் இப்போது வந்து சேர்வர். கைத்தட்டல் பெறும் வாசகம், உண்மையில் பாதிதான். உடலுழைப்பு இதயத்தைக் காக்கும் என்பது மெய்யே. 1953இல் ஜெர்ரி மாரிசும் அவர்தம் குழுவினரும் இலண்டன் மாடிப்பேருந்துகளை ஆராய்ந்து, நாளெல்லாம் அமர்ந்திருக்கும் ஓட்டுநர்களைக் காட்டிலும் படியேறி இறங்கும் நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவாக இருந்ததைக் கண்டனர். ஆனால் செட்டிநாட்டுப் பெரிய வீடுகளின் இரண்டாங்கட்டில், புகை சூழ்ந்த அடுப்படியில், விடியலுக்கு முன்னெழுந்து ஐம்பது பேருக்கு மாவரைத்த பெண்ணுக்கு அது பயிற்சியன்று, ஏவல். அவள் இடுப்பும் முழங்காலும் ஐம்பது வயதில் என்னவாயின என்று யாரும் ஆராயவில்லை. 1955இல் கோவையில் உருவான மாவரைக்கும் இயந்திரம் அவளுக்கு விடுதலை. அதனைத் திரும்பப் பெறச் சொல்வோர் முதலில் தாம் ஒருநாள் ஆட்டுக்கல்லின்முன் அமர வேண்டும்.

உழைப்புக்கும் பயிற்சிக்கும் உள்ள வேறுபாடு தசையில் இல்லை, விருப்பத்தில் உள்ளது. இன்று உடற்பயிற்சிக் கூடங்களில் நாம் பணம் கொடுத்து ஏறும் டிரெட்மில் என்னும் பொறியின் மூதாதை, 1818இல் வில்லியம் கியூபிட் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் சிறைக்கைதிகளுக்கென அமைத்த மிதிசக்கரம். கோவைச் சிறையில் வ.உ.சிதம்பரனார் செக்கிழுத்தபோது அவருடைய கால்கள் நடந்த தொலைவு எவ்வளவு! அதனை உடற்பயிற்சி என்று யாரேனும் சொல்லத் துணிவரா? மாறாக, தைப்பூசத்துக்குக் காவடியேந்திக் குன்றக்குடியிலிருந்து நத்தம் வழியாகப் பழனிவரை ஏறத்தாழ 150 கிலோமீட்டர் நடக்கும் நகரத்தாரைப் பாருங்கள். அறுபது வயதைக் கடந்தோரும் அதில் உளர். தாமே விரும்பி ஏற்றதும், துணையோடு நடப்பதும், ஆண்டுதோறும் தவறாமல் வருவதும் அவர்தம் கால்களைக் காக்கின்றன. மூன்றாம் மாதத்தில் ஜிம்மைக் கைவிடுவோர்க்கு இல்லாதவை இவைதாம்.

இனி, இன்றைய நிலைக்கு வருவோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான பேராய்வின்படி நாட்டில் நீரிழிவுற்றோர் ஏறத்தாழ 10.1 கோடிப் பேர். வயது வந்தோருள் 11.4 விழுக்காட்டினர். 2024இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளிவந்த மற்றோர் ஆய்வு, போதிய உடலியக்கம் இல்லாத இந்தியர் 2022இல் 49.4 விழுக்காடு எனக் கணித்தது. இதனைப் பிரித்து நோக்கினால், ஆண்களில் 42 விழுக்காடு. பெண்களில் 57 விழுக்காடு. இவ்விரண்டாம் எண்ணே நம்மை எழுதத் தூண்டியது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான இயக்கமும், இரண்டு நாளேனும் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டுமென உலக நல அமைப்பு 2020இல் வகுத்தது. நடை மட்டும் போதாது என்பது இதிற் குறிப்பிடத்தக்கது. தசை உழைக்கும்போது குருதியிலுள்ள சர்க்கரையை ஈர்த்துச் செலவழிக்கிறது. பயன்படாத தசை வயதோடு உருகிக் குறைகிறது. மாதவிலக்கு நின்றபின் பெண்ணின் எலும்பு வலுவிழக்கிறது, அதற்கும் எடைதாங்கும் பயிற்சி துணையாகிறது. எடைதூக்கல் இளைஞர்க்குரிய அழகுக்கலை என நாம் எண்ணியிருக்க, அது மிகுதியாகத் தேவைப்படுவது நம் மாணவியரின் தாய்மார்க்கே.

அவர்கள் ஏன் செல்வதில்லை? கட்டணம் ஒரு காரணம். பெரும்பாலான கூடங்களில் பயிற்றுநர் ஆண். பெண்களுக்கெனத் தனிநேரம் வைத்திருப்போரும் அதனை நண்பகலில், யாருக்கும் ஒவ்வாத பொழுதில் வைத்திருப்பர். இறுக்கமான உடையும் உரத்த இசையும் சுவரெங்கும் ஆளுயரக் கண்ணாடியும் புதிதாக வரும் ஐம்பது வயதுப் பெண்ணை வாயிலிலேயே திருப்பியனுப்பும். சாலையில் நடக்கலாமே எனின், விளக்கில்லாத் தெருவும் நாயும் விரையும் இருசக்கர வண்டியும் உள்ளன. 2023 நவம்பர் 4 அன்று தமிழக அரசு ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்னும் திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை வகுத்தது, நல்ல தொடக்கம். ஆயினும் தெருமுனையைத் தாண்டத் தயங்கும் பெண்ணுக்கு அது தொலைவே. இதற்கிடையில் இளைஞர் நிலையும் மகிழத்தக்கதாக இல்லை. தொண்ணூறு நாளில் திரைநாயகரின் தோள் வேண்டும் என்னும் அவசரத்தில் பெயரறியாப் பொடிகளையும் ஸ்டீராய்டு ஊசிகளையும் நாடுவோர் உளர். இதயமும் ஈரலும் கெடும் என்பதை மருத்துவர் சொல்லிச் சலித்துவிட்டனர். தனியே எழுத வேண்டிய பொருள் அது.

மார்க்க ஒழுக்கத்தைத் தடையாகக் காட்டுவோர்க்கும் ஒரு சொல். தலையை மறைத்த உடையோடே வலுத்தூக்கும் போட்டிகளில் வென்று பெயர்பெற்றவர் கேரளத்துக் கோழிக்கோடு மாவட்டத்தின் மஜீசியா பானு. அமெரிக்காவில் வாழ்ந்த குல்சூம் அப்துல்லா விடுத்த கோரிக்கையின் பயனாகப் பன்னாட்டுப் பளுதூக்கும் சம்மேளனம் 2011இல் தன் உடை விதியையே தளர்த்தியது. அதே ஆண்டு அவர் பாகிஸ்தான் சார்பில் பாரிசு உலகப் போட்டியில் பங்கேற்றார். நம் தமிழகத்திலேயே நெல்லை மாவட்டத்து வடலிவிளையில் பொங்கல் விழாவின்போது பெண்களும் இளவட்டக்கல் தூக்குகின்றனர். ஆகவே உடை ஒரு தடையன்று. மறைவான இடமும், பெண் பயிற்றுநரும், ஏற்ற பொழுதும் அமையாமையே தடை.

இம்மூன்றும் நம் போன்ற கல்லூரிகளில் உள்ளன. மதில் சூழ்ந்த திடல் உண்டு. உள்விளையாட்டு அரங்கு உண்டு. உடற்கல்வி இயக்குநர் உண்டு. மாலை நான்கரை மணிக்கு வாயில் பூட்டப்படுகிறது. மறுநாள் காலைவரை அவ்விடத்தில் மயில்கள் மட்டும் நடைபயில்கின்றன. மயில்களுக்கு நீரிழிவு வருவதில்லை. ஊர்ப் பெருமக்களின் கொடையால் எழுந்த நிலம் இது. கட்டடத்துக்குச் செங்கல் கொடுத்த குடும்பத்தின் பெண்கள் இன்று மருத்துவமனை வரிசையில் சர்க்கரை அளவு பார்க்கக் காத்திருக்கின்றனர். அவர்களுக்கு அத்திடலின் ஒரு மூலையையும் நாளுக்கு ஒன்றேகால் மணி நேரத்தையும் கொடுப்பதில் கல்லூரி இழப்பது யாதுமில்லை.

பாதுகாப்புக்கு யார் பொறுப்பு, அந்நியர் நுழைந்தால் என்ன செய்வது எனத் தயங்குவோரின் அச்சம் புறக்கணிக்கத்தக்கதன்று. எனவே முதலாண்டில் மாணவ மாணவியரின் தாய்மார், உடன்பிறந்த மகளிர், பெண் ஊழியர் ஆகியோரோடு நிறுத்திக்கொள்ளலாம். அடையாள அட்டை வழங்கலாம். சேருமுன் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மருத்துவர் ஒப்புதல் பெறச் செய்யலாம். மதவேறுபாடு கூடாது, நம் வகுப்பறைகளில் இல்லாத அவ்வேறுபாடு திடலில் ஏன்? காலைப்பொழுது பெண்களுக்கு அடுப்படியின் பொழுதாகையால் அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரமே ஏற்றது. அப்பொழுது விளக்கும் தேவைப்படாது. உடற்கல்விப் பட்டம் பெற்று வேலைக்குக் காத்திருக்கும் பெண்கள் இவ்வூரிலேயே உளர். ஒருவரைப் பகுதிநேரமாக அமர்த்தலாம். கருவிகள் என்று பெரிதாக ஒன்றும் வேண்டா. இரண்டு கிலோ, மூன்று கிலோ, ஐந்து கிலோ டம்பெல்கள் சில, இருபது பாய்கள், எடைபார்க்கும் கருவி ஒன்று. கண்ணாடி தேவையே இல்லை. வயதில் மூத்தோர் நாற்காலியில் அமர்ந்து எழுவதையே பயிற்சியாகச் செய்யலாம். பத்துமுறை எழுந்து பார்த்தோர்க்கு அதன் கடுமை தெரியும். சிலம்பம் கற்கும் மாணவியர் வாரம் ஒருநாள் தாய்மார்க்குக் கம்பு சுழற்றக் கற்பிக்கலாம். 2024 சனவரியில் தமிழகத்தில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றபின் மாணவியரிடையே அதற்கு ஆர்வம் கூடியிருக்கிறது.

கட்டணம் வாங்கலாமா என்பதில் துறைக்குள்ளேயே இருவேறு கருத்துகள் உள்ளன. இலவசம் எனில் மதிப்பிராது என்பர் ஒரு சாரார். மாதம் ஐம்பது ரூபாய் வைத்து, வராதோர் வீட்டுக்கு உடன்பயில்வோர் இருவர் சென்று அழைத்துவரும் வழக்கத்தை ஏற்படுத்தலாம் என்பது நம் கருத்து. பழனிக்கு நடப்போர் கூட்டமாக நடப்பதன் காரணமும் அதுவே.

வரும் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே இதனை நிர்வாகக் குழு எடுத்துக்கொள்ள வேண்டுகிறோம். முதல் நாளில் பத்துப் பேர் வந்தாலே நிறைவு. குடிநீருக்கும் கழிப்பறைக்கும் புதிய செலவில்லை. மகளிர் ஓய்வறை திடலை ஒட்டியே இருக்கிறது. அதன் பின்வாயில் நெடுங்காலமாகத் திறக்கப்படாமையால் பூட்டு துருவேறியுள்ளது. அதற்கு எண்ணெய் இட வேண்டும்.